முன்பள்ளியில் உணவு ஒவ்வாமை

முன்பள்ளியில் உணவு ஒவ்வாமை என்பது, குறிப்பிட்ட உணவு ஒன்று உடலுக்கு ஒவ்வாத நிலையில் உள்ள இரண்டு முதல் ஆறு வயது வரையிலான குழந்தையை அங்கன்வாடி, மழலையர் பள்ளி போன்ற இடங்களுக்கு அனுப்பும்போது எழும் மருத்துவ, நடைமுறைச் சிக்கல்களைக் குறிக்கும். வீட்டில் தாயோ பாட்டியோ பார்த்துப் பார்த்து ஊட்டிய குழந்தை, முதன்முறையாக வேறொருவர் சமைத்த உணவை, வேறு குழந்தைகளுடன் சேர்ந்து உண்ணும் இடம் முன்பள்ளியே ஆகும். தனக்கு எது ஆகாது என்பதைச் சொல்லத் தெரியாத வயது என்பதால், குழந்தையின் பாதுகாப்பு முழுவதும் பெரியவர்களின் நினைவாற்றலைப் பொறுத்து அமைகிறது. இக்கட்டுரை தமிழ்நாட்டின் திருவண்ணாமலை நகரையும் அதைச் சூழ்ந்த மாவட்டத்தையும் முதன்மையாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது.

ஒவ்வாமையின் இயல்பு

உடலுக்குத் தீங்கு செய்யாத உணவுப் புரதம் ஒன்றை நோய் எதிர்ப்பு மண்டலம் பகைப்பொருளாகக் கருதி எதிர்ப்பதே உணவு ஒவ்வாமை ஆகும். பெரும்பாலான விரைவு ஒவ்வாமைகளில் இம்யூனோகுளோபுலின்-ஈ எனப்படும் பிறபொருளெதிரி பங்கேற்கிறது. இது 1960களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டது. ஒவ்வாமை என்பதற்கான மேலைச் சொல்லை ஆசுதிரிய மருத்துவர் கிளெமன்சு வான் பிர்க்கே 1906இல் உருவாக்கினார். கடும் ஒவ்வாமைத் தாக்கத்தை (அனாபிலாக்சிசு) 1902இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர்களுள் ஒருவரான சார்லசு ரிசே அதற்காக 1913ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

பால் செரியாமையும் பால் ஒவ்வாமையும் வேறானவை. பாலிலுள்ள லாக்டோசு என்னும் சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவதும் கழிச்சல் ஏற்படுவதும் ஒவ்வாமை அல்ல. அதனால் உயிருக்கு ஆபத்து நேர்வதில்லை. பாலின் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கோ ஒரு தேக்கரண்டி மோரும் ஆபத்தாகலாம். இவ்வேறுபாடு பள்ளிப் பணியாளர்களுக்கு மட்டுமன்றிப் பெற்றோர் பலருக்கும் தெரிவதில்லை.

பால், முட்டை, வேர்க்கடலை, மரக்கொட்டைகள் (முந்திரி, பாதாம் போன்றவை), கோதுமை, சோயா, மீன், இறால்-நண்டு வகைகள், எள் ஆகியன உலகளவில் மிகுதியாக ஒவ்வாமை தருபவை. இந்தியாவில் கொண்டைக்கடலை போன்ற பருப்பு வகைகளுக்கும் ஒவ்வாமை பதிவாகியுள்ளது. பாலுக்கும் முட்டைக்கும் உண்டான ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளிடம் வளர வளர மறைகிறது. வேர்க்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே நீங்குகிறது.

இந்தியாவில் பரவல்

ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ஒரு வயதுக் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில் பத்து விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு உணவு ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய ஆதரவுடன் பல நாடுகளில் நடந்த ஆய்வின் பகுதியாகக் கர்நாடகத்தில் பள்ளிச் சிறார்களிடையே எடுக்கப்பட்ட கணக்கில் இது 0.14 விழுக்காடு மட்டுமே. அதே திட்டத்தின் கீழ் பெங்களூர், மைசூர் பகுதிப் பெரியவர்களிடம் செய்த ஆய்வில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோரின் குருதியில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான பிறபொருளெதிரி காணப்பட்டது. ஆயினும் உண்மையான ஒவ்வாமை இருந்திருக்கக் கூடியவர்கள் ஏறத்தாழ 1.2 விழுக்காட்டினரே.

இந்த இரண்டாவது எண்ணிக்கை பெற்றோருக்கு மிகவும் பயன்படக்கூடியது. குருதிச் சோதனையில் ஓர் உணவின் பெயர் வந்துவிட்டால் அது நோய் என்று பொருளல்ல. ஐம்பது, நூறு உணவுகளை ஒரே தாளில் சோதித்துத் தரும் சோதனைப் பட்டியலை நம்பி, குழந்தை நாள்தோறும் தொல்லையின்றி உண்டுவந்த முட்டையையும் பருப்பையும் நிறுத்துவோர் உண்டு. எடை குறைந்த குழந்தைக்கு இதனால் விளையும் கேடு, இல்லாத ஒவ்வாமையால் விளைந்திருக்கக்கூடிய கேட்டைவிடப் பெரிது. உண்ட உடனோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ அறிகுறி தோன்றியதா, அதே உணவை மீண்டும் உண்டபோதும் தோன்றியதா என்னும் வரலாறே முதற்சான்று. சோதனை அதற்குத் துணைச்சான்று.

திருவண்ணாமலையும் வேர்க்கடலையும்

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து 1989இல் பிரிக்கப்பட்ட திருவண்ணாமலை மாவட்டம் தமிழகத்தில் வேர்க்கடலை மிகுதியாக விளையும் பகுதிகளுள் ஒன்று. அண்டையிலுள்ள திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. அறுவடைக் காலத்தில் பச்சைக்கடலை அவித்துத் தின்பதும், களத்தில் காய் ஆயும் தாய்மாரின் அருகே குழந்தைகள் விளையாடுவதும் இயல்பான காட்சிகள். தேங்காய் விலை ஏறும்போது சட்னியிலும் குருமாவிலும் வேர்க்கடலை அரைத்துச் சேர்க்கப்படுகிறது. எனவே, மேலை நாட்டுப் பள்ளிகள் சில செய்வதுபோல் வேர்க்கடலையை முற்றாக விலக்கிய வளாகம் என்பது இங்கு ஏட்டளவிலேயே நிற்கும். உண்ணும் இடத்தைப் பிரிப்பதும் கையையும் வாயையும் கழுவச் செய்வதுமே நடைமுறைக்கு ஒத்தவை. கையில் ஒட்டிய கடலைப் புரதம் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் நீங்கும். வெறும் தண்ணீரில் நனைத்தால் முழுவதும் நீங்காது.

எண்ணெய் குறித்தும் குழப்பம் நிலவுகிறது. ஆலையில் நன்கு சுத்திகரிக்கப்பட்ட கடலை எண்ணெயில் புரதம் மிகமிகக் குறைவு. செக்கில் ஆட்டிய எண்ணெயில் புரதம் எஞ்சியிருக்கும். ஒரே செக்கில் எள்ளும் கடலையும் மாறிமாறி ஆட்டப்படுவதும் உண்டு. அண்மைக் காலத்தில் செக்கெண்ணெய்க்கு மதிப்புக் கூடியுள்ளதால் இதைப் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது.

"கடலை" என்னும் சொல்லால் வரும் குழப்பம்

தமிழில் கடலை என்ற சொல் ஒன்றுக்கு மேற்பட்ட பயிர்களைக் குறிக்கிறது. கடலை மிட்டாய், கடலை எண்ணெய் என்பவற்றில் அது வேர்க்கடலை; கடலை மாவு, கடலைப்பருப்பு என்பவற்றில் கொண்டைக்கடலை இனம்; பொட்டுக்கடலை என்பது வறுத்து உடைத்த கொண்டைக்கடலை இனமே. திருவண்ணாமலை, விழுப்புரம் வட்டாரங்களில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்பதே பேச்சுவழக்கு. மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ இது. தென்மாவட்டங்களில் நிலக்கடலை என்றும் ஈழத்தில் கச்சான் என்றும் வழங்குவர். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த பெற்றோர் "கடலை கொடுக்கக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தால், பணியாளர் சுண்டலை நிறுத்திவிட்டு மல்லாட்டை உருண்டையைக் கொடுக்க வாய்ப்புண்டு. ஆகவே எழுதித் தரும் குறிப்பில் வட்டாரப் பெயரையும், அது சேரும் பண்டங்களின் பெயர்களையும் (சட்னி, புளிச்சோறு, கடலை உருண்டை, மிக்சர்) குறிப்பிடுவதோடு, பொருளையே கையில் எடுத்துக் காட்டுவது சாலச் சிறந்தது.

அங்கன்வாடி உணவு

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இந்தியாவில் 1975 அக்டோபர் 2இல் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் 1982 சூலை 1இல் ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஊர்ப்புறப் பள்ளிச் சிறார்களோடு, மக்கள் இன்றும் பால்வாடி என அழைக்கும் மையங்களின் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளையும் உள்ளடக்கியது. முட்டை 1989இல் இரு வாரத்துக்கு ஒன்றாகச் சேர்க்கப்பட்டுப் படிப்படியாகக் கூட்டப்பட்டது. 2013 முதல் கலவைச் சாத வகைகள் வழங்கப்பட்டு வருகின்றன. அங்கன்வாடிகளில் வாரத்தில் மூன்று நாள் வேகவைத்த முட்டையும் ஒரு நாள் கொண்டைக்கடலை அல்லது பச்சைப்பயறும் ஒரு நாள் உருளைக்கிழங்கும் என்ற ஒழுங்கு கடைப்பிடிக்கப்பட்டது. இவை தவிர இணை உணவாகச் சத்துமாவு வழங்கப்படுகிறது. அதில் கோதுமை, கேழ்வரகு போன்ற தானியங்களும் பருப்பு அல்லது சோயாவும் வெல்லமும் சேரும். கலவை காலத்துக்குக் காலம் மாறியுள்ளதால் ஒவ்வொரு பொட்டலத்தின் உறையையும் படிப்பது இன்றியமையாதது.

உணவு எளியது, ஒரே அடுப்பில் சமைக்கப்படுவது, வாரப்பட்டியல் முன்னரே தெரிந்தது என்னும் மூன்று காரணங்களால், ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி ஒரு வகையில் தனியார் பள்ளியைவிட எளிய இடமாகும். முட்டை ஒவ்வாத குழந்தைக்கு முட்டை தரும் மூன்று நாள்கள் எவை என்று தாய்க்குத் தெரியும். சத்துணவுத் திட்டத்தில் முட்டை உண்ணாத மாணவர்களுக்கு வாழைப்பழம் தரும் வழக்கமும் உண்டு. இது சைவ உணவினரை எண்ணி ஏற்பட்ட ஏற்பாடு. ஒருவர் உண்ணாததற்கு மாற்று தரலாம் என்னும் கருத்து சமையற்கூடத்துக்குப் புதிதன்று என்பதை இது காட்டுகிறது. எனினும் முட்டைக்கு வாழைப்பழம் புரத அளவில் ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இழந்த புரதத்தை வீட்டில் பருப்பாலோ பாலாலோ ஈடுசெய்தல் வேண்டும்.

சிக்கல் பரிமாறுதலில் உள்ளது. முட்டையை உரித்த கையால் அடுத்த தட்டில் சோறு போடுவது, ஒரே கரண்டியைப் பயன்படுத்துவது, குழந்தைகள் ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் எடுத்துண்பது ஆகியவையே தவறுகள் நேரும் வழிகள். பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என இருவரே உள்ள மையத்தில், ஒருவர் விடுப்பில் சென்றால் மற்றவர் கற்பித்தல், சமையல், பதிவேடு அனைத்தையும் பார்க்க நேரிடுகிறது. இந்நிலையில் ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு வீட்டிலிருந்து தனித் தட்டும் குவளையும் கொண்டுவந்து, அக்குழந்தைக்கு முதலில் பரிமாறிவிட்டுப் பின்னர் மற்றவர்க்குப் பரிமாறுவது செலவில்லாத வழியாகும்.

2013 பிப்ரவரியில் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கிறது. அத்திட்டம் முதலில் வகுத்த நோய்ப்பட்டியலில் ஈளை போன்ற மூச்சுக்குழல் நோய் உண்டு; உணவு ஒவ்வாமை இல்லை. ஈளையுள்ள குழந்தைக்கு உணவு ஒவ்வாமையும் இருந்தால் தாக்கம் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி. எனவே பெற்றோர் தாமே அக்குழுவின் மருத்துவரிடம் இதைச் சொல்லிக் குழந்தையின் அட்டையில் எழுதிப் பெறுவது நல்லது.

மழலையர் பள்ளிகள்

நகரிலுள்ள தனியார் மழலையர் பள்ளிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வகுப்புக் குழந்தைகள் வீட்டிலிருந்தே உணவு கொண்டுவருகின்றனர். சமையல் தாயின் கையில் இருப்பது நன்மை. முப்பது வீட்டுச் சமையல் ஒரே அறையில் திறக்கப்படுவது தீமை. பிறந்தநாள் கொண்டாட்டமே இங்கு முதன்மையான இடர். முன்னறிவிப்பின்றி இனிப்பு, கேக், மிட்டாய் வகுப்பு முழுவதும் வழங்கப்படுகிறது. கேக்கில் முட்டை, பால், கோதுமை மூன்றும் உண்டு, சில வேளைகளில் முந்திரியும் உண்டு. பிற குழந்தைகள் உண்ணும்போது ஒரு குழந்தையை மட்டும் வெறுங்கையுடன் உட்கார வைப்பதும் நன்றன்று. பெற்றோர் தமக்குத் தெரிந்த பாதுகாப்பான தின்பண்டத்தைப் பெயரெழுதிய டப்பாவில் ஆசிரியையிடம் முன்னரே கொடுத்துவைத்தால் அந்நேரத்தில் அது கைகொடுக்கும்.

இரமண ஆசிரமச் சூழலில் தங்கி வாழும் வெளிநாட்டுக் குடும்பங்களின் குழந்தைகளுக்கும் இக்கேள்வி எழுகிறது. அவர்கள் பலர் தம் நாட்டிலிருந்தே தானியங்கி அட்ரினலின் ஊசியைக் கொண்டுவருவர். அம்மருந்து 25 பாகை செல்சியசு அளவில் பேணத்தக்கது. கோடையில் 40 பாகையை எட்டும் ஊரில் அதைப் புத்தகப் பையிலோ வண்டியிலோ வைத்திருத்தல் கூடாது. குளிர்பெட்டியிலும் வைக்கலாகாது.

கோயிலும் திருவிழாவும்

அருணாசலேசுவரர் கோயில் ஊர் என்பதால் இங்கு உணவு வீட்டிலும் பள்ளியிலும் மட்டும் கிடைப்பதன்று. முழுநிலா நாள்களில் ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையெங்கும் அன்னதானம் நடைபெறும். புளிச்சோற்றில் வேர்க்கடலையும் எள்ளும், சர்க்கரைப் பொங்கலில் நெய்யும் முந்திரியும், சுண்டலில் கொண்டைக்கடலையும் சேர்கின்றன. வழங்குபவர் சமைத்தவராக இருப்பதில்லை என்பதால் அவரிடம் கேட்டறிவதும் கடினம். ஆயுத பூசையன்று பள்ளியிலேயே பொரி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை கலந்து பொட்டலமாகத் தரப்படுகிறது. விநாயகர் சதுர்த்திக் கொழுக்கட்டையின் உட்பூரணம் வீட்டுக்கு வீடு வேறுபடும், எள்ளாகவும் இருக்கலாம். திருக்கார்த்திகைக்குப் பொரியுருண்டை.

திருநாள்களை ஒட்டிய நாள்களில் குழந்தைகள் வீட்டில் மீந்ததைப் பள்ளிக்குக் கொண்டுவந்து பகிர்வர் என்பதால் முன்பள்ளியும் இதில் அடங்குகிறது. இறைவனுக்குப் படைத்ததை மறுப்பது முறையன்று என்று கருதும் பெரியோர், "சாமி பிரசாதம், ஒன்றும் செய்யாது" என்று வாயில் ஊட்டிவிடுவதுண்டு. இதில் தீய எண்ணம் எதுவுமில்லை. ஆயினும் முந்திரிப் புரதம் படையலால் மாறுவதில்லை. பிரசாதத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டு தாயிடம் கொடுத்துவிடக் குழந்தையைப் பழக்குவது, மனம் நோகாமல் மறுக்கும் வழியாகப் பல குடும்பங்களுக்கு அமைந்துள்ளது. நான்கு வயதுக் குழந்தை இதை எளிதில் கற்றுக்கொள்ளும்.

அறிகுறிகளும் முதலுதவியும்

உதடும் கண்ணிமையும் வீங்குதல், தோலில் அரிப்புடன் தடிப்பு எழும்புதல், வாந்தி, வயிற்றுவலி ஆகியன பொதுவான அறிகுறிகள். குரல் கம்முதல், விடாத இருமல், மூச்சிரைப்பு, உடல் வெளிறிக் குழந்தை துவண்டுபோதல் ஆகியன கடும் தாக்கத்தின் அறிகுறிகள். தோலில் ஒன்றும் தெரியாமலும் கடும் தாக்கம் வரலாம். சிறு குழந்தை "நாக்கு குத்துகிறது", "தொண்டையில் ஏதோ இருக்கிறது" என்று தன் மொழியில் சொல்வதையும், காரணமின்றி நாக்கைத் தேய்ப்பதையும், திடீரென அமைதியாகிவிடுவதையும் பணியாளர் கவனிக்க வேண்டும்.

தோல் தடிப்பை ஊர்வழக்கில் காணாக்கடி என்பர். கண்ணுக்குப் புலப்படாத பூச்சி ஒன்று கடித்ததால் வந்தது என்பது நம்பிக்கை. மந்திரிக்க அழைத்துச் செல்வதும் உண்டு. பெரும்பாலான தடிப்புகள் சில மணி நேரத்தில் தாமே அடங்குவதால் இந்நம்பிக்கை நிலைபெற்றது எனலாம். உணவு உண்ட சற்று நேரத்தில் தடிப்போடு மூச்சுத்திணறலோ தொடர் வாந்தியோ சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்வதும் தவறு; மூச்சுக்குழலில் அடைப்பு நேரலாம்.

கடும் தாக்கத்துக்கு முதல் மருந்து அட்ரினலின் ஆகும். இது தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில் தசைக்குள் போடப்படுகிறது. அளவு உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.01 மி.கி. ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் செறிவுள்ள குப்பியிலிருந்து, 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 0.15 மி.லி. தேவைப்படும். நிலைமை சீராகாவிடில் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் மீண்டும் போடலாம். அரிப்புக்குத் தரும் செட்டிரிசின் போன்ற மருந்துகள் தடிப்பை மட்டுமே தணிக்கும். குருதியழுத்தம் வீழ்வதையும் மூச்சுக்குழல் சுருங்குவதையும் தடுக்கா. குழந்தையைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். எழுப்பி நிறுத்தவோ நடக்கவைக்கவோ கூடாது. சற்றுத் தேறியபின் சில மணி நேரம் கழித்து இரண்டாம் தாக்கம் வரக்கூடும் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்புத் தேவை.

மேலை நாடுகளில் பள்ளிகளில் வைக்கப்படும் தானியங்கி ஊசி இந்திய மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. அட்ரினலின் குப்பியோ விலை குறைந்தது. அவசர மருந்து என்பதால் அரசு மருத்துவமனைகளில் இருப்பில் வைக்கப்படுவது. சில மருத்துவர்கள் குப்பியையும் ஊசிக்குழலையும் தந்து, அளவைக் குறியிட்டுக் காட்டிப் பெற்றோருக்குப் பயிற்சி அளிக்கின்றனர். அப்பயிற்சி முன்பள்ளிப் பணியாளருக்குக் கிட்டுவது அரிது. எனவே மையத்திலிருந்து அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பதே முதல் கேள்வி ஆகிறது. தமிழகத்தில் 2008இல் தொடங்கிய 108 அவசர ஊர்தியை உடனே அழைத்தல் வேண்டும். பெற்றோருக்குத் தொலைபேசுவது அதற்கு அடுத்தது. திருவண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. சவ்வாது மலையின் சிற்றூர்களிலிருந்து மலைப்பாதையில் இறங்கி வருவதற்குள் நெடுநேரம் கழிந்துவிடும். அத்தகைய இடங்களில் தடுப்பே முழுமுதல் மருத்துவமாகிறது.

சேர்க்கைக்கு முன்

பள்ளியில் சேர்க்கும் முன்னர் ஒரே பக்கத்தில் எழுதிய தாள் ஒன்று போதும். குழந்தையின் நிழற்படம், ஒவ்வாத உணவு, முன்னர் நேர்ந்த தாக்கத்தின் விவரம், முதலில் செய்ய வேண்டியது, தொலைபேசி எண்கள் ஆகியன அதில் இடம்பெறும். தாளை அலுவலக அறையின் கோப்பில் வைப்பதால் பயனில்லை. சமைக்கும் இடத்தின் சுவரில் ஒட்டுதல் வேண்டும். உதவியாளருக்கு எழுத்து வாசிப்பது கடினமென்றால் உணவின் படத்தை வரைந்து குறுக்குக் கோடிடலாம். ஆண்டுதோறும் ஆசிரியை மாறுவர். எனவே சூன் மாதத்தில் எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

"ஒவ்வாமை" என்ற சொல்லை விட "அலர்ஜி" என்ற சொல்லே மக்களிடம் புழக்கத்தில் உள்ளது. ஆனால் தூசிக்குத் தும்மல் வருவதையும் அச்சொல்லே குறிப்பதால் அதன் கடுமை மழுங்கிவிட்டது. "இதைத் தின்றால் மூச்சு அடைக்கும்" என்று நேராகச் சொல்வதே பயன் தருகிறது.

சட்ட நிலை

உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28இல் வழங்கிய இடைக்கால ஆணையும், 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அங்கன்வாடி உணவை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் உரிமையாக ஆக்கின. ஆகவே ஒவ்வாமை உண்டு என்பதற்காக ஒரு குழந்தையை மையத்துக்கு வர வேண்டாம் எனக் கூறுவது இவ்வுரிமையின் நோக்கத்துக்கு மாறானது.

உணவுப் பொட்டலங்களைப் பொறுத்தவரை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் பசையத் தானியங்கள், பால், முட்டை, மீன், ஓட்டுமீன்கள், வேர்க்கடலை, மரக்கொட்டைகள், சோயா ஆகியவற்றையும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்பைட்டையும் உறையில் தனித்துக் குறிக்கக் கோருகின்றன. எள் அவ்விதிகளின் பட்டியலில் இடம்பெறவில்லை. நல்லெண்ணெயும் எள்ளுருண்டையும் உண்ணும் நாட்டில் இது கவனிக்கத்தக்க குறை. அமெரிக்காவில் 2023 சனவரி முதல் எள் கட்டாயப் பட்டியலில் உள்ளது.

முன்பள்ளி தொடர்பான சட்டத்துக்கு எடுத்துக்காட்டாக நியூயார்க் மாநிலத்தின் எலைசா சட்டத்தைக் கூறலாம். 2017இல் நியூயார்க் நகர முன்பள்ளி ஒன்றில், பால் ஒவ்வாமை உண்டென முன்னரே அறிவிக்கப்பட்டிருந்த மூன்று வயதுச் சிறுவனுக்குப் பாலாடைக்கட்டி சேர்ந்த உணவு தரப்பட்டு அவன் உயிரிழந்தான். அவன் பெயரால் 2019இல் இயற்றப்பட்ட சட்டம், குழந்தைக் காப்பகங்கள் ஒவ்வாமைத் தாக்கத்தைத் தடுக்கவும் எதிர்கொள்ளவும் வழிகாட்டு நெறிகளைக் கடைப்பிடிக்கச் செய்தது. ஒவ்வாமை தெரியாததால் அன்று, தெரிந்தும் அச்செய்தி பரிமாறும் கைக்குச் சென்று சேராததால் நேர்ந்த இறப்பு இது.

தடுப்பு

ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த குழந்தைக்கு வேர்க்கடலையை மூன்று வயது வரை கொடுக்காதிருப்பதே நல்லது என 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்தியது. 2008இல் அவ்வறிவுரை கைவிடப்பட்டது. அதே ஆண்டில், இளமையிலேயே வேர்க்கடலைத் தின்பண்டம் உண்ணும் இசுரேலியக் குழந்தைகளிடம், இங்கிலாந்தில் வாழும் யூதக் குழந்தைகளைவிட அவ்வொவ்வாமை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உள்ளது என்று ஆய்வொன்று காட்டியது. 2015இல் இலண்டனில் 640 குழந்தைகளைக் கொண்டு நிறைவுற்ற ஆய்வில், நான்கு முதல் பதினொரு மாத வயதுக்குள் வேர்க்கடலை கொடுக்கத் தொடங்கிய குழுவில் ஐந்து வயதில் 3.2 விழுக்காட்டினருக்கே ஒவ்வாமை இருந்தது. விலக்கிய குழுவில் அது 17.2 விழுக்காடு.

இதைக் கொண்டு, ஏற்கெனவே ஒவ்வாமை தோன்றிவிட்ட குழந்தைக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கலாம் என்று வீட்டில் முயல்வது ஆபத்தானது. அவ்வகை மருத்துவம் மருத்துவர் முன்னிலையில் மட்டுமே செய்யத்தக்கது. கைக்குழந்தைக்கு முழுக் கடலையைக் கொடுப்பதும் மூச்சுக்குழலில் சிக்கும் என்பதால் தவறு. நன்கு அரைத்து, கூழில் கரைத்தே கொடுத்தல் வேண்டும்.